உள்ளே இருக்கும் உடம்பு - 9: மிதிசக்கரம்

சென்னையிலிருந்து ஜி.என்.டி. சாலையில் பெரியபாளையம் போகிறவர்கள் புழல் சிறை இருக்கும் ஊரைக் கடந்துதான் போகிறார்கள். ஆடி ஞாயிறுகளில் கேட்கவே வேண்டாம்; கோழியும் பொங்கல் பானையுமாக வண்டி வண்டியாகப் போவார்கள். வேப்பஞ்சேலை கட்டி அவர்கள் கும்பிடும் பவானி அம்மனுக்கும் சிறைக்கும் பழைய உறவு உண்டு. கம்சனின் சிறையில் கண்ணனுக்குப் பதிலாக வைக்கப்பட்டு, அவன் கைக்கு எட்டாமல் வானேறிய பெண் குழந்தைதான் ஆரணி ஆற்றங்கரையில் வந்து அமர்ந்தாள் என்கிறது தலபுராணம். புழல் சிறைக்குள் இருக்கிற பிள்ளைக்காக அங்கே வேண்டிக்கொள்ளும் தாய்மாருக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிறைக்குள் இருக்கும் உடம்பைப் பற்றிய இந்தத் தொடரில் போன வாரம் சொறி, சிரங்கு, தண்ணீர்த் தொட்டி. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் சிறைச் சாப்பாடு என்று சொல்லியிருந்தேன். அதற்குள் மிதிசக்கரம், அதாவது டிரெட்மில், குறுக்கே வந்துவிட்டது.

ஜிம்மில் காசு கட்டி ஓடுகிறோமே டிரெட்மில், அது பிறந்த இடம் ஜெயில்! இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் கியூபிட், சிறையில் கைதிகள் சும்மா உட்கார்ந்திருப்பது பொறுக்காமல், 1818 வாக்கில் அமைத்துக் கொடுத்தது. அகலமான உருளை, அதைச் சுற்றிலும் படிகள். கைதிகள் வரிசையாக நின்று, கம்பியைப் பிடித்தபடி ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு ஏறினாலும் நின்ற இடம்தான். 1821-ல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறைக்கு வந்தது. பிறகு நாடெங்கும் பரவியது. சில இடங்களில் மாவு அரைத்தது, தண்ணீர் இறைத்தது. பல இடங்களில் எதையும் அரைக்காமல் சும்மாவே சுற்றியது. 1895-ல் கடுங்காவல் தண்டனை பெற்ற எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் இதை மிதித்தார். கொடுமை என்று பேச்சு எழுந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழித்துக்கட்டினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1952-ல், அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸும் வேய்ன் குவின்டனும் இதயத்தைச் சோதிக்க அதே பெயரில் ஓர் ஓடுபட்டையைச் செய்தார்கள். இன்று அதற்கு மாதத் தவணை கட்டுகிறோம்.

அங்கே மிதிசக்கரம் என்றால், நம்மூர்ச் சிறையில் செக்கு. 1908-ல் தண்டிக்கப்பட்ட வ.உ.சி.யைக் கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகப் பூட்டினார்கள். இன்று மரச்செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். வாங்குங்கள், தப்பில்லை. உடம்பை வருத்துவது வேறு, வளர்ப்பது வேறு என்று அந்தக் காலத்துச் சிறைக்குத் தெரியவில்லை என்பதுதான் என் எரிச்சல்.

இன்றைய சிக்கல் நேர்மாறானது: உடம்புக்கு அசைவே இல்லை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். கட்டாய வேலை தண்டனைக் கைதிக்குத்தான். விசாரணைக் கைதிக்கு வாய்தா உண்டு, மனு உண்டு, வேலை கிடையாது. மாலையில் எண்ணிக்கை முடித்துக் கொட்டடியைப் பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வர வேறென்ன வேண்டும்?

கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015-ல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகளில் 23-ஆவது இதைத்தான் பேசுகிறது. திறந்தவெளியில் வேலை இல்லாத ஒவ்வொரு கைதிக்கும், வானிலை இடம் கொடுத்தால், தினம் குறைந்தது ஒரு மணி நேரம் வெளியே உடற்பயிற்சி. இளைஞர்களுக்குப் பயிற்சியும், அதற்கு இடமும் சாதனங்களும் தர வேண்டும். பெயர் பொருத்தமானது. மண்டேலா பழைய குத்துச்சண்டைக்காரர். ராபன் தீவில் தன் அறைக்குள்ளேயே முக்கால் மணி நேரம் நின்ற இடத்தில் ஓடுவார். விரல்நுனியில் 100 தண்டால், 50 பஸ்கி. 1982-ல் போல்ஸ்மூர் சிறைக்கு மாற்றப்பட்டுத் தோழர்களோடு ஒரே அறையில் இருந்தபோது, விடியுமுன் இவர் ஓடுகிற சத்தத்தில் தூக்கம் போகிறது என்று அவர்கள் முணுமுணுத்தார்களாம்!

நம் சிறைகளிலும் விளையாட்டு எட்டிப் பார்த்திருக்கிறது. இந்தியன் ஆயில் நிறுவனம் 2021 ஆகஸ்ட் 15 அன்று ‘பரிவர்த்தன்’ என்று கைதிகளுக்கான விளையாட்டுப் பயிற்சியைத் தொடங்கியது. 2023-ல் புனே ஏரவாடா சிறை அணி, உலகக் கைதிகளுக்கான இணையவழிச் சதுரங்கத்தில் தங்கம் வென்றது. பெருமைதான். ஆனால் சதுரங்கமும் உட்கார்ந்து ஆடுவதுதானே? எனக்கு வாலிபால் வலை வேண்டும், அதுவும் விசாரணைச் சிறையில், தினமும். 1837-இல் கட்டிய சென்னை மத்திய சிறையின் நெரிசலிலிருந்து 2006-ல் புழலுக்கு மாறியபோது கிடைத்த நிலம் 200 ஏக்கருக்கும் மேல். இடம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சாப்பாடு அடுத்த வாரத்துக்குப் போகிறது. களியில் தொடங்கிச் சிக்கன் வரை. அதற்குள் உள்ளே இருந்து வந்தவர்கள், வார்டராக வேலை பார்த்தவர்கள், மனு போட்டுப் பார்க்கப் போனவர்கள், காலையில் எத்தனை மணிக்கு விளையாட விட்டார்கள், பந்து யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று எழுதி அனுப்புங்கள். பெயர் போட மாட்டேன்.