உஷார்! விபூதிக்கு அடியில் புகையும் கோபம்

சாமி கும்பிடுகிறவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை. கும்பிடாதவர்களோடு தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, பூஜை அறையில் பத்து நிமிடம் நிற்கிறீர்கள். வெளியே வந்ததும் காபி ஆறிவிட்டது என்று வீடே அதிரக் கத்துகிறீர்கள். இது எப்போதோ ஒருநாள் என்றால் களைப்பு. வாரம் முழுக்க இப்படித்தான் என்றால், உஷார்! நீங்கள் கோபத்தைச் சாமியிடம் ஒப்படைக்கவில்லை; சாமிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

நெய்வேலிக்காரருக்கு இதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்று நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. ராப்பகலாகப் பம்புகள் இறைப்பதால்தான் சுரங்கத்தின் தரை பொத்துக்கொள்ளாமல் நிற்கிறது. நேற்று இறைத்தாயிற்றே என்று இன்று யாரும் பம்பை நிறுத்துவதில்லை. மனசுக்கு மட்டும் ஏன் லீவு?

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

• விரதம் கூடுகிறது, வீட்டில் பேச்சு குறைகிறது.

• ஷிஃப்ட் மாறினாலும் தூக்கம் வருவதில்லை.

• ரிட்டயர்மென்ட், குவார்ட்டர்ஸ் காலி செய்வது என்று யாராவது பேச்செடுத்தாலே எரிச்சல்.

• எதைக் கேட்டாலும் “எல்லாம் அவன் பாத்துப்பான்” என்று பேச்சை முடித்துவிடுவது.

மருந்து ஊருக்குள்ளேயே இருக்கிறது. நெய்வேலி நடராஜர் கோயிலில் மனுநீதி முறைப்பெட்டியும் ஆராய்ச்சி மணியும் உண்டு. குறையைத் தாளில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு மணியடிப்பார்கள். எழுத உட்கார்ந்தால்தான் தெரியும், நமக்கு நிஜமாக என்ன வலிக்கிறதென்று. ஆனால் “மேலதிகாரியை மாற்று, மருமகளைத் திருத்து” என்று மட்டும் எழுதினால் பயனில்லை. “எனக்குப் பயமாக இருக்கிறது”, “அண்ணன் மேல் பொறாமையாக இருக்கிறது” என்று ஒரு வரியாவது உங்களைப் பற்றி எழுதுங்கள். கோயிலுக்குப் போக முடியாத நாளில் வீட்டு விளக்கின் முன் எழுதினாலும் போதும்.

பக்கத்து வடலூரையும் ஒருமுறை யோசியுங்கள். வள்ளலார் 1872-இல் அமைத்த சத்திய ஞான சபையில், தைப்பூசத்தன்று ஏழு திரைகளை விலக்கித்தான் ஜோதி காட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் ஒளியை மறைக்கும் திரைகள் நம்முடையவை என்பதே அதன் உட்பொருள். 1873-இல் மேட்டுக்குப்பத்தில் அவர் செய்த பேருபதேசமும் இடைவிடாத விசாரத்தை, அதாவது உள்ளாராய்ச்சியைத்தான் வலியுறுத்தியது. கூட்டத்தில் முண்டியடித்து ஜோதியைப் பார்த்துவிட்டு, நம் திரையை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்தால் என்ன லாபம்?

இன்னொரு உஷார்: மனம் தளர்ந்திருக்கும் நேரம் பார்த்து “தோஷம் இருக்கிறது, பரிகாரத்துக்குப் பணம் அனுப்புங்கள்” என்று போனில் வருகிறவர்கள் உண்டு. உங்கள் துக்கத்தைக் கேட்பதற்கு முன்பே தொகையைச் சொல்கிறவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

கடைசியாக, தள்ளிப்போடவே கூடாத ஒன்று. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், பிரார்த்தனையோடு மட்டும் நிற்காதீர்கள். உடனே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி அது. நம்மூர் வில்லுடையான்பட்டு முருகனுக்குக் காவடி எடுக்கிறவரும் தாராளமாக அழைக்கலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.