பழைய குடும்பப் படங்களும் உடை நாகரிகமும்



சரித்திரம் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் தகரப் பெட்டியிலும் சரித்திரம் உண்டு. அதிலுள்ள பழைய குடும்பப் படங்களை எவ்வாறு படிப்பது, அவற்றில் காணும் உடையழகு எதை உணர்த்துகிறது என்பதைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

புகைப்படக் கலை பாரிஸ் நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. சென்னையில் 1856-இலேயே புகைப்படக் கழகம் ஒன்று தோன்றிவிட்டது. 1858-இல் கேப்டன் டிரைப் என்னும் ஆங்கிலேயர் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் படமெடுத்தார். முதலில் கோபுரங்களும் அரண்மனைகளும் படத்தில் ஏறின. பிறகு துரைமாரும் ஜமீன்தார்களும் ஏறினர். சாதாரணக் குடும்பங்களின் முறை கடைசியாகவே வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையில் உள்ள வன்னியம்பட்டி எங்கள் ஊர். அக்காலத்தில் படமெடுத்துக்கொள்ள வேண்டுமானால் வண்டி கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போக வேண்டும். ஆதலால் அது திருவிழாவுக்குப் புறப்படுவது போன்ற காரியமாக இருந்தது; இருப்பவற்றுள் சிறந்ததை உடுத்தே புறப்பட்டார்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டியில் மூன்று பெண்கள் சேர்ந்திருக்கும் படம் ஒன்று இருக்கிறது. நடுவில் நாற்காலியில் ஒரு மூதாட்டி. அவர் ரவிக்கை அணியவில்லை; சேலையே மார்பை மூடியிருக்கிறது. காதுகளில் பாம்படம் தோளைத் தொடுகிறது. அவருக்கு வலப்புறம் நிற்கும் மகள், முழங்கை வரை நீண்ட கையும் அதன் விளிம்பில் பின்னல் வேலையும் கொண்ட ரவிக்கை அணிந்திருக்கிறார். இடப்புறம் பேத்தி, தாவணி, தோளில் உப்பிய குட்டைக் கை, காதில் சிறு தோடு. படத்தில் ஆண்டு எழுதப்படவில்லை. ஆயினும் மூன்று தலைமுறைகளின் மாறுதல் ஒரே அட்டையில் பதிந்துவிட்டது.

ரவிக்கையின் கதை வெறும் அலங்காரத்தின் கதை அன்று. நம் நாட்டுப்புறத்தில் பல குலங்களின் மூதாட்டியர் வழக்கம் கருதியே அதை அணியாதிருந்தனர். ஆனால் தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்களுக்கு மேலாடை மறுக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859-இல்தான் அரசு இணங்கியது. அப்போதும் உயர்குலத்தார் அணியும் முறையில் அணியலாகாது என்ற நிபந்தனை இருந்தது. ஒரு முழத் துணிக்குப் பின்னால் இவ்வளவு வழக்கு!

ஆண்களின் படங்களிலும் காலம் தெரியும். பஞ்சகச்சத்தின்மேல் கோட்டும் தலைப்பாகையும் ஒரு காலம். குடுமி போய்க் கிராப்பு வந்தது மற்றொரு காலம். காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில்தான் அரையாடைக்கு மாறினார். அந்நாட்களுக்குப் பின் எடுத்த படத்தில் ஒருவர் கோட்டை விடுத்து முரட்டுக் கதர்ச் சட்டையுடன் நின்றால், அவர் உடையால் ஒரு கொள்கையைச் சொல்கிறார் என்று கொள்ளலாம்.

ஆயினும் படம் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடலாகாது. பின்னால் தெரியும் மாளிகைப் படிக்கட்டு திரையில் தீட்டியது. கோட்டும் கைக்கடிகாரமும் பல சமயங்களில் படமெடுக்கும் நிலையத்தார் இரவலாகத் தந்தவை. இதைக் கண்டு நகைப்பது நியாயமாகாது. பிறர் தம்மை எக்கோலத்தில் நினைக்க வேண்டும் என்று அவர் விரும்பினாரோ, அந்த விருப்பத்துக்கு அப்படம் சாட்சி. அவரது முகத்தில் சிரிப்பில்லையே என்றும் வருந்த வேண்டா. ஒளி குறைந்த அறையில், படம் பதியும் வரை இமைகூட அசையாமல் இருக்க வேண்டியிருந்தது.

நிறமும் நம்மை ஏமாற்றும். பழைய படத் தகடுகளுக்கு நீல ஒளி நன்றாக உறைக்கும். சிவப்பு ஏறக்குறைய உறைக்கவே உறைக்காது. ஆகையால் நீலச் சேலை வெளுத்தும், சிவப்புச் சேலை கறுத்தும் காணப்படும். நெற்றிக் குங்குமம் மைப்பொட்டுப் போலத் தோன்றும். எங்கள் அப்பத்தாவின் கல்யாணப் படத்தில் புடவை கன்னங்கறேல் என்றிருக்கிறது. அது அரக்குச் சிவப்பு என்று, அப்புடவையைத் தொட்டுப் பார்த்திருந்த என் பெரிய அத்தை சொன்னபோதுதான் விளங்கிற்று.

படமெடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சமும் அன்று இருந்தது. அதனால் சில முதியோருக்கு உயிரோடிருந்தபோது எடுத்த படமே கிடையாது. இறந்த பின் மாலை சூட்டி, நாற்காலியில் அமர்த்தி எடுத்த ஒரு படமே மிஞ்சியது.

மூன்று பெண்களின் படத்துக்கு மீண்டும் வருவோம். அதிலுள்ள பேத்திதான் என் அப்பத்தா. அவருடைய தாயின் பெயரைப் பெரிய அத்தை சொன்னார். நடுவில் அமர்ந்திருக்கும் மூதாட்டியின் பெயரைக் கேட்டேன். தொண்ணூறு வயதைக் கடந்த அத்தை வெகுநேரம் யோசித்தார். “பூட்டி என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். பேர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு மூத்தவர் யார் இருந்தார்கள்?” என்றார். முறைசொல்லி அழைத்த மரியாதையே பெயரை மறைத்துவிட்டது. சேலைக்கட்டும் பாம்படமும் இன்று வரை தெளிவாகத் தெரிகின்றன, பெயர் போயிற்று. பத்தாண்டுகளுக்கு முன்பு, அத்தையைவிட மூத்தவர் ஒருவரைக் கேட்டிருந்தால் ஒருகால் கிடைத்திருக்கும்.

அண்மை ஆண்டுகளில் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன், தமிழகத்துப் பழைய நிலையங்களின் படங்களைத் தேடிப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். பாராட்டத்தக்க பணி. படத்தை நிறுவனங்கள் காக்கலாம். உங்கள் பூட்டியின் பெயரை உங்கள் வீட்டாரன்றி வேறு யார் காக்க முடியும்?

ஆகவே, அடுத்த விடுமுறையில் பெட்டியைத் திறவுங்கள். படத்தின் முகப்பில் பேனா படக்கூடாது. பசை நாடா ஒட்டக்கூடாது. ஈரமும் கரையானும் அணுகாத இடத்தில் வையுங்கள். கைப்பேசியில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே மூத்தவர் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு முகத்தையும் சுட்டிக் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரையும் ஊரையும் சேலையின் நிறத்தையும் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், அன்றே எழுதிவிடுங்கள்.