சின்ன எஞ்சினைக் காப்பது பெரிய வேலை அல்ல

பருத்தி விதைத்த வயலில் முதல் ஒன்றரை மாதம் களைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது உழவர்கள் எல்லோரும் அறிந்ததே. அந்த நாட்களில் ஒரு நல்ல மழை பெய்து, வயல் கால் வைக்கும் பதத்துக்கு வந்தபின், களை எடுக்கக் கிடைப்பது நான்கைந்து நாட்கள்தான். ஆள் கிடைக்காத குறைக்காகவே பலரும் பவர் வீடர் வாங்கினார்கள். அந்த நான்கைந்து நாட்களில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை வலித்தும் எஞ்சின் கிளம்பாவிட்டால், வாங்கியும் பயனில்லை. பட்டறைக்குக் கொண்டுபோனால், அதே மழைக்கு வந்த எந்திரங்கள் அங்கே வரிசையில் நிற்கின்றன. முறை வருவதற்குள் களை பயிரை மூடிவிடுகிறது.

மத்திய அரசு 2014-15இல் தொடங்கிய வேளாண் எந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் மானியத்தால், பவர் வீடர், விசைத் தெளிப்பான், புல் வெட்டும் பிரஷ் கட்டர் போன்ற சிறு எந்திரங்கள் சிறு விவசாயிகளின் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. எந்திரம் வந்த வேகத்தில் அதைப் பேணும் பழக்கம் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் ஏர் பூட்டாத விவசாயி, ஆயில் இருக்கிறதா என்று பார்க்காமல் எஞ்சினைக் கிளப்புகிறார். சிறு எஞ்சின்கள் பெரும்பாலும் வயதாகிக் கெடுவதில்லை. புழுதி, ஆயில், பழைய பெட்ரோல் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை அலட்சியம் செய்வதால்தான் கெடுகின்றன. இந்த மூன்றையும் கவனிக்கப் பட்டறை தேவையில்லை. ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு ஸ்குரூ டிரைவர், பழைய துணி, தினம் பத்து நிமிடம் இருந்தால் போதும்.

இரண்டு கேன்கள்

முதலில் வீட்டில் இருக்கும் எஞ்சின் எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆயில் ஊற்றவும் அளவு பார்க்கவும் தனி மூடி இருந்தால் அது நான்கு வீச்சு எஞ்சின், அதாவது ஃபோர் ஸ்ட்ரோக். அதில் பெட்ரோல் வேறு, ஆயில் வேறு. அப்படித் தனி மூடி இல்லாவிட்டால் அது இரு வீச்சு எஞ்சின், அதாவது டூ ஸ்ட்ரோக். அதற்குப் பெட்ரோலில் டூ டி ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும்.

பவர் வீடர் பெரும்பாலும் நான்கு வீச்சு. முதுகில் சுமக்கும் விசைத் தெளிப்பானும் பிரஷ் கட்டரும் பல வீடுகளில் இரு வீச்சு. ஒரே வீட்டில் இரண்டு வகையும் இருந்து, பெட்ரோல் கேன் மட்டும் ஒன்றாக இருப்பதுதான் ஆபத்து. இரு வீச்சு எஞ்சினில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் வழவழப்புக் கொடுப்பது பெட்ரோலில் கலந்த ஆயில் ஒன்றுதான். ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டினால், சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சூடேறி, சிலிண்டரைக் கீறி, இறுகி நின்றுவிடும். பிறகு பிஸ்டன், ரிங், சிலிண்டர் மூன்றையும் மாற்ற வேண்டி வரும். ஆயில் கலந்த பெட்ரோலைத் தெரியாமல் நான்கு வீச்சு எஞ்சினில் ஊற்றினால் புகை வரும், பிளக்கில் கரி படியும். அதோடு போகும். முன்னதுதான் எஞ்சினைக் கொல்லும்.

ஆகவே இரண்டு கேன்கள் வேண்டும். கலந்த பெட்ரோல் கேனின் கழுத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிடலாம். எந்த எந்திரத்துக்கு எந்தக் கேன் என்பதை வீட்டில் உள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேலைக்கு வரும் ஆட்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும். அவசரத்தில் பெட்ரோல் ஊற்றுபவர் பெரும்பாலும் எந்திரத்தை வாங்கியவர் அல்ல.

கலக்கும் அளவு எந்திரத்தின் கையேட்டிலோ டேங்க் மூடியிலோ இருக்கும். 25க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. ஆயில். 50க்கு 1 என்றால் 20 மி.லி. கண்ணால் மதிப்பிடாமல், மருந்துப் புட்டியின் மூடியாலாவது அளந்து ஊற்ற வேண்டும். கேனில் வைத்து நன்றாகக் குலுக்கிக் கலந்தபின்பே டேங்கில் ஊற்ற வேண்டும். டேங்கிலேயே ஆயிலை ஊற்றிக் கலக்கக் கூடாது.

புழுதி என்னும் உப்புத்தாள்

ஒரு பங்கு பெட்ரோல் எரிய, எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். 160 சி.சி. எஞ்சின் ஒன்று முழு வேகத்தில், முழுச் சுமையில் ஓடும்போது மணிக்குப் பத்தாயிரம் லிட்டருக்கும் அதிகமான காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று பவர் வீடர் கிளப்பும் புழுதியின் நடுவிலிருந்து வருகிறது. வடிகட்டி கிழிந்திருந்தால் மண் துகள் உள்ளே போய் ஆயிலோடு கலந்து, உப்புத்தாள் போலச் சிலிண்டரைத் தேய்க்கும். வடிகட்டி அடைத்திருந்தால் காற்றுக் குறைந்து பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், கரும்புகை வரும், இழுவை குறையும். கிழிந்த வடிகட்டியைவிட வடிகட்டியே இல்லாமல் ஓட்டுவது இன்னும் கேடு. 'காற்று நன்றாக வரட்டும்' என்று அதைக் கழற்றி எறிபவர்கள் எஞ்சினின் ஆயுளையும் சேர்த்து எறிகிறார்கள்.

வடிகட்டி ஸ்பாஞ்சாக இருந்தால் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சுத்தமான எஞ்சின் ஆயிலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து மாட்ட வேண்டும். பெட்ரோலில் கழுவக் கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. காகித வடிகட்டியை மெதுவாகத் தட்டித் தூசியை உதிர்க்கலாம், கழுவக் கூடாது. அழுக்கு இறுகிப்போனால் புதியது மாட்ட வேண்டும். புழுதியில் ஓடும் நாட்களில் தினமும் மாலையில் வடிகட்டியைப் பார்ப்பது நல்லது. அதோடு, எஞ்சினைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடுகளுக்கு இடையில் அடைத்த புல்லையும் மண்ணையும் குச்சியால் நீக்க வேண்டும். இந்தத் தகடுகளின் வழியாகத்தான் எஞ்சின் குளிர்கிறது.

ஆயிலும் கரிக்கோடும்

நான்கு வீச்சு எஞ்சினில் தினமும் கிளப்புவதற்கு முன், எந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். குறைந்தாலும் கேடு, மேல் கோட்டைத் தாண்டினாலும் கேடு. இத்தகைய 5 குதிரைத் திறன் எஞ்சின்களில் மொத்தமே அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் ஆயில் இருக்கும். அதில் கால் லிட்டர் குறைந்தாலும் எஞ்சின் பாதி ஆயிலில் ஓடுகிறது என்று பொருள்.

புது எஞ்சினில் முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஆயிலை மாற்றிவிட வேண்டும். புது உறுப்புகள் தேய்ந்து உதிர்த்த இரும்புத் துகள் அதில் இருக்கும். அதன்பின் 100 மணிக்கு ஒருமுறை என்று பல கையேடுகள் சொல்கின்றன. வெயிலிலும் புழுதியிலும் சுமையோடு உழைக்கும் எந்திரத்துக்கு 50 மணிக்கு ஒருமுறை மாற்றுவதே பாதுகாப்பு. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வெளியேறும். வடித்த ஆயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது.

மணிக் கணக்கை எப்படி வைப்பது? கடிகாரம் தேவையில்லை. டேங்க் காலியாகி நிரப்பும்போதெல்லாம் கொட்டகைச் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டால் போதும். ஒரு டேங்க் இரண்டரை மணி நேரம் ஓடுமானால், 20 கோட்டில் 50 மணி ஆகிவிடும். ஆயிலை மாற்றியதும் கோடுகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

பவர் வீடரின் கியர் பெட்டிக்குத் தனி ஆயில் உண்டு. அதன் அளவையும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். கத்தியில் சுற்றிய கொடியை எடுக்கப் பவர் வீடரைச் சாய்க்கும்போது, பிளக்கும் காற்று வடிகட்டியும் மேல்பக்கம் இருக்குமாறு சாய்க்க வேண்டும். தவறான பக்கம் சாய்த்தால் ஆயில் வடிகட்டியிலும் சிலிண்டரிலும் புகுந்து, மறுபடி கிளப்புவது கடினமாகும்.

எஞ்சின் கிளம்பாவிட்டால்

பதற்றப்படாமல் வரிசையாகப் பார்க்க வேண்டும். ஸ்விட்ச் போட்டிருக்கிறதா? பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா? குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் போடப்பட்டதா? ஆயில் குறைந்தால் தானே கிளம்ப மறுக்கும் எஞ்சின்களும் உண்டு. ஆகவே ஆயிலையும் பார்க்க வேண்டும்.

இவை சரியாக இருந்தால் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கயிற்றைப் பலமுறை இழுத்த பின்னும் பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. துடைத்து உலர்த்தி, சோக் இல்லாமல் கிளப்பலாம். பிளக்கின் நிறமும் சேதி சொல்லும். இளம் பழுப்பு என்றால் எல்லாம் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் வடிகட்டி அடைத்திருக்கலாம். ஆயில் பிசுக்கு என்றால் ஆயில் கூடுதல் அல்லது ரிங் தேய்வு. வெளுத்திருந்தால் எஞ்சின் அதிகமாகச் சூடேறுகிறது. முனை இடைவெளி பெரும்பாலான சிறு எஞ்சின்களில் 0.6 முதல் 0.8 மி.மீ.க்குள் இருக்கும், சரியான அளவு கையேட்டில் உண்டு. உபரிப் பிளக் ஒன்றை எப்போதும் வீட்டில் வைத்திருப்பது நல்லது. அதன் விலை ஒரு ஆளின் ஒருநாள் கூலிக்குள் அடங்கிவிடும்.

டீசல் எஞ்சினில் பிளக் இல்லை. அங்கே வரும் தொல்லை காற்று புகுவது. டேங்க் முழுதும் வற்றும்வரை ஓட்டினால் குழாயில் காற்று புகுந்துவிடும். டீசல் நிரப்பி, வடிகட்டியின் மேலுள்ள காற்று நீக்கும் திருகைச் சற்றே தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். நாசிலில் இருந்து பீச்சும் டீசலில் மட்டும் விரலை நீட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிக்குத்துப் போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஓடாத நாட்களே ஆபத்தான நாட்கள்

களை எடுப்பு முடிந்ததும் எந்திரம் கொட்டகை மூலைக்குப் போகிறது. நான்கைந்து மாதம் கழித்து எடுத்தால் கிளம்புவதில்லை. ஓடும்போது வராத கேடு சும்மா நிற்கும்போது வருகிறது. கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசின் போல் படிந்து, ஊசி முனை அளவுள்ள துளைகளை அடைத்துவிடுகிறது.

இந்தக் கவனம் இன்று முன்னைவிட அதிகம் தேவை. இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் 10 சதவீதத்தையும், 2025இல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுள்ளது. மழைக்காலத்தில் பாதி டேங்க் பெட்ரோலுடன் எந்திரத்தை நிறுத்தி வைத்தால், எத்தனால் இழுத்த நீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்ததும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டர் அரிக்கும். பழைய எந்திரங்களின் ரப்பர்க் குழாய்களும் கெடலாம். ஆகவே ஒரு மாதத்துக்குத் தேவையான பெட்ரோலுக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தால், பிரிந்த நீர் அடியில் தனியாகத் தெரியும்.

பருவ முடிவில் டேங்கிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்ட வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் வடிகால் திருகு இருந்தால் அதையும் திறந்து வடிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி சுத்தமான எஞ்சின் ஆயிலைச் சிலிண்டரில் விட்டு, கயிற்றை மூன்று நான்கு முறை மெல்ல இழுத்து, பிளக்கை மாட்டிவிட வேண்டும். கடைசியில் கயிற்றை இழுக்கும்போது கை தடைபடும் இடத்தில் நிறுத்தினால், வால்வுகள் மூடியிருந்து ஈரம் உள்ளே போகாது. இதற்கு அரை மணி நேரம் போதும்.

செய்யக் கூடாதவை

கத்தியைத் தொடுமுன் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. பல பிரஷ் கட்டர்களில் பிளேடு நட்டு இடது மரை கொண்டது. வழக்கத்துக்கு மாறாக வலப்புறம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் இறுக்கி உடைத்துவிட வேண்டாம். கார்புரேட்டர்த் துளையில் கம்பி விட்டுக் குத்தினால் துளை அகன்று, பெட்ரோல் அளவு தவறிப்போகும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங், டீசல் பம்ப், நாசில் ஆகியவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே முறை. உத்தரவாதக் காலத்தில் எஞ்சினைத் திறந்தால் அந்த உரிமையும் போகலாம்.

மூடிய கொட்டகையிலோ கிணற்றுக்குள் இறக்கியோ எஞ்சினை ஓட்டவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றில் மயங்கியவரைக் காப்பாற்ற இறங்குபவரும் அங்கேயே மயங்கி விழுவார்.

ஊரில் பத்துப் பேரிடம் சிறு எந்திரம் இருந்தால், அவர்கள் சேர்ந்து அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தையோ அணுகி, பராமரிப்புப் பயிற்சி கேட்கலாம். அதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. மூலையில் நிற்கும் எந்திரத்தை இந்த வாரமே வெளியே இழுத்து, வடிகட்டியைத் திறந்து பார்த்து, ஆயில் அளவைப் பார்த்து, பழைய பெட்ரோலை வடித்துவிட வேண்டும். மழை பெய்த மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அன்று களைக்கும் நாள் இருக்காது, பட்டறையிலும் இடம் இருக்காது.