புலியா, ஆடா?

ஆடுபுலி ஆட உட்காருகிறவர்கள் முதலில் பேசித் தீர்க்க வேண்டியது, புலி யாருக்கு என்பதை. தென்காசிப் பக்கத்துத் திண்ணைகளில் கரித்துண்டால் கோடு கிழித்து, புளியங்கொட்டையை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்து ஆடக்கூடிய ஆட்டம் இது. சதுரங்கத்தில் கறுப்பை எடுத்தாலும் வெள்ளையை எடுத்தாலும் படை ஒன்றே. இங்கே எடுக்கிற பக்கத்தோடு விதியும் மாறிவிடும்.

கட்டத்தில் 23 புள்ளிகள். புலி 3, ஆடு 15. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். பதினைந்தும் இறங்கி முடிகிறவரை எந்த ஆடும் இடம்விட்டு அசையக் கூடாது. புலிக்கு அந்தத் தடை இல்லை. பக்கத்துப் புள்ளியில் ஓர் ஆடு நின்று, அதே கோட்டில் அதற்கடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டிக் குதித்து வெட்டிவிடும். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. மூன்று புலிகளையும் நகர முடியாமல் அடைத்தால்தான் அதற்கு வெற்றி.

அநியாயமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆடும் சாகாமல் எல்லாம் இறங்கிவிட்டால் 18 புள்ளிகள் நிறைந்துவிடும், காலி 5தான். மூன்று புலிகளும் அந்த ஐந்துக்குள் திணற வேண்டும். ஓர் ஆடு வெட்டுப்பட்டால் காலி 6, இரண்டு போனால் 7. செத்த ஆடு விட்டுப்போகும் புள்ளியே புலி அடுத்து குதித்து இறங்கும் இடமாகிவிடலாம். அதனால்தான் ஆடிப் பழகிய கை, முதல் ஆடுகளைக் கோடு முடிகிற மூலைகளில் வைக்கும். அங்கே ஆட்டுக்குப் பின்னால் புள்ளி இல்லை, புலிக்குக் குதிக்க வழியும் இல்லை. பிறகு வரும் ஆடுகள் ஒன்றின் முதுகை ஒன்று ஒட்டி நிற்கும். என்னைக் கேட்டால், யோசித்து ஆட விரும்புகிறவர் ஆட்டுப் பக்கம்தான் உட்கார வேண்டும்.

நேபாளத்தின் பாக்சால் இதற்குப் பங்காளி ஆட்டம்: 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு கணினி அறிஞர்கள் அதைக் கணினியில் அலசி, இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் யாருக்கும் வெற்றி இல்லை என்று நிறுவினார்கள். ஒரு தட்டில் வெட்டும் பலம், மறுதட்டில் எண்ணிக்கை. தராசு நேராக நிற்கிறது.

பக்கத்துக்கொரு விதி என்பதை ஆளுக்கொரு விதியாக்கிய ஆட்டமும் உண்டு. 1974இல் அமெரிக்காவின் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி மாய உலகில் அலைவார்கள். முதல் பதிப்பில் மூன்றே வகைப் பாத்திரங்கள்: போர்வீரர், மந்திரவாதி, பூசாரி. மந்திரவாதி குத்துவாளைத் தவிர வேறு ஆயுதம் தொடக் கூடாது. பாத்திரத்துக்கு முகம் கிடைப்பது இந்தக் ‘கூடாது’களால்தான். மந்திரம் தெரிந்தும் தனியே போக முடியாது என்பதால் அவர் வீரரோடு சேர்ந்தே நடக்கிறார். கதை அந்த நட்பிலிருந்து பிறக்கிறது.

பாத்திரத்துக்கு இப்படி வரம்பு கட்டுவது நம் குற்றாலத்துக்கும் அந்நியம் இல்லை. பக்கத்து மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய திருக்குற்றாலக் குறவஞ்சியிலும் யார் என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே வகுத்ததுதான். வசந்தவல்லி பந்தாடி வந்து இறைவன்மேல் காதல் கொள்ள வேண்டும். குறத்தி சிங்கி தன் மலைவளம் சொல்லிவிட்டே குறி சொல்ல வேண்டும். அவள் கணவன் சிங்கன் பறவை பிடிக்க வந்து அவளைத் தேட வேண்டும். குறவஞ்சி என்ற வகையின் கட்டு அது. அந்தக் கட்டுக்குள் நின்றுதான் குறத்தியின் வாயிலாகத் திரிகூடமலை அத்தனை உயிரோடு எழுந்தது.

வகுத்த கட்டோடு அதிர்ஷ்டமும் சேர்வது உண்டு. அந்த அமெரிக்க மேசை ஆட்டத்தில் பாத்திரத்தின் பலத்தைச் சொன்னது பகடை. முதல் பதிப்பில் ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டிக் கூட்ட வேண்டியிருந்தது. அவை 216 விதமாக விழலாம். 18 வருவதற்கு ஒரே வழி. 10 வருவதற்கு 27 வழிகள், அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. நம் தாயக்கட்டையில் தாயம் விழும் வாய்ப்பும் அதே எட்டில் ஒன்று! வெறுமை, 1, 2, 3 என நான்கு முகமுள்ள கட்டைகள் இரண்டு. 16 விதமாக விழலாம். ஒன்றில் 1, மற்றதில் வெறுமை என்பது அவற்றில் 2. தாயம் விழாமல் காய் இறங்காது. எட்டு முறை உருட்டியும் அது விழாமல் போக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று கூடுதலாகவே வாய்ப்பு உண்டு.

பகடையின் கடுமையைத் தணிக்க அந்த மேசை ஆட்டக்காரர்கள் பின்னாளில் ஒரு வழி கண்டார்கள்: நான்கு பகடைகளை உருட்டிச் சிறியதைத் தள்ளிவிடுவது. 216இல் ஒன்றாக இருந்த 18, சுமார் 62இல் ஒன்றாகிவிட்டது. தாயத்திலும் செய்து பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளோடு ஆடும்போது ஐந்து விழுந்தாலும் காய் இறக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கும் 2 வழிகள் உண்டு. வாய்ப்பு நான்கில் ஒன்றாக உயரும். எட்டு முறை உருட்டியும் காய் இறங்காமல் காத்திருக்கும் பிள்ளை பத்தில் ஒன்றுதான் இருக்கும்.