பழைய ரவுட்டருக்குப் புதிய மென்பொருள்

மைசூருக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் குண்டலுபேட்டை அமைந்துள்ளது. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர், இன்று சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். மைசூரிலிருந்து வரும் நெடுஞ்சாலையின் ஒரு கிளை இங்கிருந்து பந்திப்பூர்க் காட்டின் வழியே உதகமண்டலத்திற்கும், மற்றொரு கிளை வயநாட்டிலுள்ள சுல்தான் பத்தேரிக்கும் செல்கின்றன. எந்தச் சரக்கு எந்தச் சாலையில் செல்ல வேண்டும் என்பது இச்சந்தியில் தீர்மானமாகின்றது. இணைய வலையமைப்பில் இதே பணியைச் செய்வது ரவுட்டர் என்னும் கருவி. செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து வருகின்றன. ரவுட்டர் ஒவ்வொன்றின் முகவரியையும் நோக்கி, உரிய வழியில் அனுப்புகின்றது. ஒரே இணைப்பைக் கொண்டு வீட்டிலுள்ள பிள்ளைகள் பலரும் ஒரே வேளையில் பாடம் படிக்க இயல்வது இதனாலேயாம்.

இப்பெட்டியை இயக்குவது அதனுள் நிலையாகப் பதிந்துள்ள மென்பொருள். இதனை ஃபர்ம்வேர் என வழங்குவர். பெட்டி பழுதின்றி இருப்பினும் மென்பொருள் முதுமை அடையக்கூடும். 2018 மே மாதத்தில் கண்டறியப்பட்ட ‘விபிஎன்ஃபில்டர்’ என்னும் தீய நிரல், 54 நாடுகளில் குறைந்தது 5,00,000 சாதனங்களைப் பற்றியிருந்தது. அவற்றுட் பெரும்பாலானவை முன்பே வெளிப்பட்ட குறைபாடுகளைத் திருத்தாமலோ, ஆலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமலோ விடப்பட்ட பழைய கருவிகள்.

பழைய கருவிக்கு மறுவாழ்வு அளிக்கவும் வழி உண்டு. 2002இல் வெளிவந்த லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்னும் ரவுட்டரின் மென்பொருள் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அதன் மூலநிரல் 2003இல் வெளியிடப்பட்டதும், 2004இல் ‘ஓபன்டபிள்யூஆர்டி’ என்னும் பொது மென்பொருள் தோன்றிற்று. 2005 தொடக்கத்தில் வெளியிடங்களில் வைஃபை பயன்படுத்த இந்தியாவில் உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. உடனே இமாசலப் பிரதேசத்துத் தர்மசாலாவில், விலை குறைந்த வீட்டு ரவுட்டர்களில் மென்பொருளை மாற்றிப் பதித்து ஒரு கம்பியில்லா வலை அமைக்கப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரி முடிவதற்குள் 8 வளாகங்கள் இணைக்கப்பட்டுவிட்டன.

எனினும் இம்முறைக்கு எல்லை உண்டு. மேற்சொன்ன ரவுட்டரின் முதற் பதிப்பில் 4 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகமும் 16 மெகாபைட் ராமும் இருந்தன. அதே பெயருடன் 2005இல் வந்த ஐந்தாம் பதிப்பிலோ அவை முறையே 2, 8 மெகாபைட்டாகக் குறைந்தன. ஆதலின் பெயரை மட்டும் நம்புதல் ஆகாது. அடிப்பக்கத்திலுள்ள சீட்டில் மாடல் எண்ணையும் பதிப்பு எண்ணையும் பார்த்து, அவற்றிற்கே உரிய கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே பெற வேண்டும்.

பதிக்கும் முறை எளிது. முதலில் இப்போதைய அமைப்புகளைக் குறித்துக்கொள்க. வைஃபையைத் தவிர்த்துக் கம்பி மூலம் கணினியை ரவுட்டருடன் இணைத்து, நிர்வாகப் பக்கத்தில் கோப்பை ஏற்றுக. பதிவு முடியும் வரை மின்சாரம் தடைப்படலாகாது. பாதியில் நின்றால் பழைய மென்பொருளும் அழிந்து, புதியதும் நிறைவுறாமல், கருவி செயலற்றுப் போகலாம். மின்தடை மிகுந்த ஊர்களில் யு.பி.எஸ். வழியே மின்சாரம் தருவது நன்று. முடிந்தபின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுதல் அவசியம்.

புதிய மென்பொருள் எவ்வகையிலும் கிடைக்காத கருவியை இணையத்தின் வாயிலில் வைத்தல் தகாது. அதனாற் பயனே இல்லை என்பதன்று. இணைய இணைப்பைத் துண்டித்து, இத்தகைய ரவுட்டர்கள் இரண்டையும் கணினிகள் இரண்டையும் கம்பியால் இணைத்தால், பொட்டலங்கள் வழி தேடிச் செல்லும் முறையை மாணவர் வீட்டிலேயே சோதித்தறியலாம். தவறாகப் பதித்தாலும் நட்டம் சிறிது. பெறும் அறிவோ பெரிது.