1623ல் சேலத்துக்கு வந்த இத்தாலி சந்நியாசி

ஏற்காடு லேடீஸ் சீட்ல ராத்திரி நின்னா, கீழ சேலம் முழுக்க லைட்டா மின்னும். 400 வருஷத்துக்கு முன்னாடி, 1623ல், அந்தச் சேலத்துக்குக் காவி கட்டின ஒரு இத்தாலிக்காரர் வந்தார். பேர் ராபர்ட் டி நொபிலி. தமிழ்ல 'தத்துவ போதகர்'.

மறுமலர்ச்சி, மதச் சீர்திருத்தம் பத்தி ஸ்கூல்ல படிச்சிருப்போம். லூதர், கலிலியோன்னு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணதோட சரி. அது ஏதோ ஐரோப்பாவிலேயே ஆரம்பிச்சு அங்கேயே முடிஞ்ச கதைன்னு நினைப்போம். ஆனா அந்த அலை சேர்வராயன் மலை அடிவாரம் வரைக்கும் வந்திருக்கு.

1517ல் லூதர் கேட்ட கேள்விகளால கிறிஸ்தவ உலகம் உடைஞ்சது. கத்தோலிக்கர்களும் தங்களைச் சீர்திருத்திக்க வேண்டிய கட்டாயம் வந்துச்சு. 1540ல் உருவான இயேசு சபை அந்தக் காலத்துப் பிள்ளை. படிப்பும் பயணமும்தான் அவங்க பலம். 1577ல் பிறந்த நொபிலி அந்தச் சபையில் சேர்ந்து, 1606ல் மதுரைக்கு வந்தார்.

அங்க ஒரு சிக்கல். ஏற்கெனவே பல வருஷமா இருந்த பாதிரியாரால உள்ளூர் மக்கள் யாரையும் ஈர்க்க முடியல. காரணம் ஒரு வார்த்தை. போர்த்துக்கீசியரை மக்கள் 'பரங்கி'ன்னு சொன்னாங்க. மாட்டிறைச்சி, மது, தினமும் குளிக்காத பழக்கம், எல்லாம் சேர்ந்த வசவு அது. மதம் மாற வந்தவங்ககிட்ட 'பரங்கி குலத்துல சேர விருப்பமா?'ன்னு கேட்டாங்களாம்! யார் ஓகே சொல்வாங்க?

நொபிலி யோசிச்சார். நம்பிக்கை வேற, நாகரிகம் வேற. கிறிஸ்தவராக ஐரோப்பியரா மாறத் தேவையில்ல. அவரே காவி உடுத்தி, சைவம் சாப்பிட்டு, தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு மூணும் கத்துக்கிட்டார். கோவில், பூசை, குரு, வேதம், அருள்னு மக்களுக்குத் தெரிஞ்ச சொற்களையே எடுத்துக்கிட்டார். தத்துவத்தைத் தமிழ் உரைநடையில் எழுதினார். 'ஞானோபதேசம்' அவர் நூல்தான்.

சக பாதிரியார்களே எதிர்த்தாங்க. பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் மதமா, பழக்கமான்னு பெரிய வாதம். 1619ல் கோவாவில் கூடிய கூட்டத்துல பெரும்பாலானவங்க அவருக்கு எதிர். விஷயம் ரோமுக்குப் போச்சு. அங்க இருந்த கர்தினால் பெல்லார்மின் இவரோட உறவினர். முதல்ல கோபப்பட்டவர், விளக்கத்தைப் படிச்சதும் ஆதரவா மாறினார். 1616ல் கலிலியோவைக் கூப்பிட்டு, பூமி சுத்துதுங்கற கருத்தை விட்டுடுங்கன்னு எச்சரிச்சதும் இதே பெல்லார்மின்தான்!

1623 ஜனவரியில் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். அதே வருஷம்தான் நொபிலி மதுரையை விட்டு வடக்கே கிளம்பி, திருச்சி வழியா கொல்லிமலை அடிவாரத்து சேந்தமங்கலத்துக்கும், அங்கிருந்து சேலத்துக்கும் வந்தார். சேந்தமங்கலத்தை ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார்.

இதோட முடிச்சா ஹீரோ கதை ஆயிடும். ஆனா முக்கியமான கேள்வி இனிமேதான்.

நொபிலி ஏத்துக்கிட்ட 'பழக்கங்கள்' லிஸ்ட்ல சாதியும் இருந்துச்சு. அதை சமூக ஏற்பாடுன்னு சொல்லித் தொடாம விட்டுட்டார். மதுரையில் பரதவர்கள் வந்த பழைய கோவில் தனி, இவர் கட்டினது தனி. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு 1640 வாக்கில் 'பண்டாரசாமி'ங்கற வேற குருமார்களை வெச்சாங்க. அனுமதி கொடுத்த போப்போட ஆணையிலேயே, மேல்சாதிக்காரங்க மத்தவங்களை இழிவா நினைக்கக் கூடாதுன்னு புத்தி சொல்லியிருந்தும், தனித்தனி ஏற்பாடு தொடர்ந்துச்சு.

ஒருத்தரோட மொழியையும் உடையையும் மதிக்கறது ஒண்ணு. அந்த ஊர்ல ஒருத்தரை மிதிச்சு இன்னொருத்தர் நிக்கறதை 'லோக்கல் கல்ச்சர்'னு விட்டுடறது வேற. நொபிலி முதல் விஷயத்துல தன் காலத்தை விட ரொம்ப முன்னாடி போனார். ரெண்டாவதுல தன் காலத்துலயே நின்னுட்டார்.

1656ல் மயிலாப்பூரில், கண் பார்வை கிட்டத்தட்ட போன நிலையில் இறந்தார். மக்கள் மொழியில் பேசணும்னு நாம இப்பவும் சொல்றோம். அந்த மக்கள்ல யார் யாரைச் சேர்த்துக்கறோம்னும் கூடவே பாத்துக்கணும்.