விழுந்துகொண்டே சுற்றுவது எப்படி?

விண்வெளிக்குப் போக எவ்வளவு உயரம் ஏற வேண்டும்? பெரும்பாலோர் ஏதாவது ஒரு கிலோமீட்டர் கணக்கைச் சொல்வார்கள். ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்ற கணினி விளையாட்டில் மூழ்கிக் கிடப்பவர்களிடம் இதையே கேட்டுப் பாருங்கள். “உயரம் இருக்கட்டும், வேகம் எவ்வளவு?” என்று திருப்பிக் கேட்பார்கள்.

அந்த விளையாட்டில் கெர்பின் என்று ஒரு கிரகம் உண்டு. அதன் காற்று மண்டலம் 70 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். முதன்முதலாக ராக்கெட் கட்டுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். மூக்கை நேராக வானத்துக்கு நிமிர்த்தி வைத்து, எரிபொருள் தீரும் வரை மேலேயே போவார்கள். 70 கிலோமீட்டர் தாண்டும். வானம் கறுக்கும். சற்று நேரத்தில் உயரம் காட்டும் எண்கள் தயங்கி நின்று, பிறகு இறங்க ஆரம்பிக்கும். கலம் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து விழும்.

விண்வெளியில் ஈர்ப்பே கிடையாது என்று நினைத்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. ஈர்ப்பு அங்கேயும் இருக்கிறது. பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தைக்கூட, தரையில் உள்ள ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. நிலையமும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் அது பக்கவாட்டில் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் ஓடுகிறது. அது எவ்வளவு விழுகிறதோ, அவ்வளவுக்குப் பூமியின் உருண்டையும் வளைந்து கீழே போய்விடுகிறது. அதனால் தரையைத் தொடவே முடிவதில்லை. உயரமான மலை உச்சியில் ஒரு பீரங்கியை வைத்து, குண்டின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று ஐசக் நியூட்டன் யோசித்துக் கண்டது இதைத்தான்.

கெர்பின் கணக்கைப் பார்ப்போம். காற்றுத் தடை இல்லை என்று வைத்துக்கொண்டால், நேர் மேலே நொடிக்கு சுமார் 1,300 மீட்டர் வேகத்தில் கிளம்பிய கலம் 100 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டுவிடும். அதே உயரத்தில் விழாமல் சுற்ற வேண்டுமானால், பக்கவாட்டில் நொடிக்கு சுமார் 2,246 மீட்டர் வேண்டும். தொடுவது ஒன்று, தங்குவது வேறு. உண்மை வரலாற்றிலும் இந்த இரண்டுக்கும் நடுவே 13 ஆண்டுகள் கிடக்கின்றன. ஜெர்மனியின் வி-2 போர் ஏவுகணை ஒன்று 1944 ஜூனிலேயே 170 கிலோமீட்டருக்கு மேல் ஏறி விழுந்துவிட்டது. ஸ்புட்னிக் என்ற செயற்கைக்கோள் விழாமல் பூமியைச் சுற்றியது 1957 அக்டோபர் 4-ல்தான்.

இந்த விளையாட்டை உருவாக்கியவர் ஃபெலிபே ஃபலாங்கே. சின்ன வயதில் அவர் வாண ராக்கெட்டுகளில் குட்டித் தகரத்தாள் பொம்மைகளை ஏற்றி அனுப்புவாராம். அந்தப் பொம்மைகளுக்கு அவர் வைத்த பெயர்தான் கெர்பல். பின்னாளில் மெக்சிகோ நகரத்தில் ஸ்குவாட் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தபோது இந்த விளையாட்டை எழுதினார். முதல் பதிப்பு 2011 ஜூனில் வெளிவந்தது. பச்சை நிறக் குள்ளர்களான கெர்பல்கள்தான் இதில் விண்வெளி வீரர்கள். அவர்களில் வாலென்டினா என்ற வீராங்கனையின் பெயர், 1963-ல் விண்வெளிக்குப் போன முதல் பெண்ணான வாலென்டினா தெரஷ்கோவாவை நினைவூட்டுகிறது.

ராக்கெட் கட்டும் கூடத்துக்குள் போவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒருவர் உட்காரும் கூண்டு ஒன்றை எடுங்கள். பாராசூட்டோடு சேர்த்து அதன் நிறை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதன் கீழே ஓர் எரிபொருள் தொட்டி. நிரம்பியிருந்தால் 2.25 டன், காலியானால் கால் டன். அடியில் ‘டெரியர்’ என்ற அரை டன் எஞ்சின். இந்தக் கலம் வெற்றிடத்தில் தன் எரிபொருள் முழுவதையும் எரித்தால் நொடிக்கு சுமார் 2,640 மீட்டர் வேகத்தைச் சேர்த்துக்கொள்ளும். இதற்கு டெல்டா-வி என்று பெயர். ராக்கெட்டின் வேகக் கையிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இன்னொரு தொட்டியை மாட்டுவோம். எரிபொருள் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. வேகக் கையிருப்பு? 5,280 ஆகாது. சுமார் 3,790-தான். மூன்றாவது தொட்டியையும் மாட்டினால் சுமார் 4,460. முதல் தொட்டி 2,640 தந்தது. இரண்டாவது 1,150 தந்தது. மூன்றாவது தந்தது 670 மட்டுமே. எல்லாம் ஒரே அளவுத் தொட்டிகள். பிறகு ஏன் இப்படி? புதிதாக ஏற்றிய எரிபொருளையும் சேர்த்துத்தானே எஞ்சின் தள்ள வேண்டியிருக்கிறது! சுமக்க எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளைச் சுமக்க இன்னும் எரிபொருள் வேண்டும். இந்தக் கணக்குக்கான சமன்பாட்டை ரஷ்யப் பள்ளி ஆசிரியர் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி 1903-ல் வெளியிட்டார். அப்போது விமானம்கூடச் சரியாகப் பறக்கத் தொடங்கவில்லை.

கெர்பினின் தரையிலிருந்து சுற்றுப்பாதைக்குப் போக சுமார் 3,400 போதும். நம்மிடம் 4,460 இருக்கிறதே, கிளம்பலாமா? முடியாது. மூன்று தொட்டிக் கலத்தின் எடை சுமார் 80 கிலோநியூட்டன். டெரியர் எஞ்சின் வெற்றிடத்திலேயே 60 கிலோநியூட்டன்தான் தள்ளும். காற்று அழுத்தும் தரை மட்டத்தில் அதுவும் 15 ஆகச் சுருங்கிவிடும். எஞ்சின் உறுமும், புகை வரும், ராக்கெட் அசையாது. டெரியர் மேலே போன பிறகு வேலை செய்யப் பிறந்த எஞ்சின். தரையிலிருந்து தூக்குவதற்குக் கீழே வேறொரு வலுவான அடுக்கு வேண்டும். அந்த அடுக்கில் எரிபொருள் தீர்ந்ததும், காலித் தொட்டியையும் எஞ்சினையும் கழற்றி எறிந்துவிட வேண்டும். இனி அவை வெறும் பாரம். உண்மையான ராக்கெட்டுகளை அடுக்கடுக்காகக் கட்டுவதும் இதனால்தான்.

கிளம்பியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே சாயுங்கள். பத்துக் கிலோமீட்டர் உயரம் வரும்போது பாதி சாய்ந்திருக்கலாம். ஏன் கிழக்கு? கெர்பின் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. அதன் நடுக்கோட்டில் உள்ள ஏவுதளத்தில் சும்மா நிற்கும் ராக்கெட்டுக்கே நொடிக்கு 175 மீட்டர் வேகம் இருக்கிறது. கிழக்கே போனால் அது இலவசம். மேற்கே போனால் அதையும் நாம்தான் ஈடுகட்ட வேண்டும். நம் ஏவுதளம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே கடல் விரிந்து கிடப்பது இந்த விஷயத்தில் பெரிய வசதி.

ஆனால் எல்லாச் செயற்கைக்கோளும் கிழக்கே போவதில்லை. துருவங்களுக்கு மேலாகச் சுற்ற வேண்டியவை தெற்கே கிளம்ப வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கை குறுக்கே வரும். அதனால் ராக்கெட் முதலில் ஒதுங்கிப் போய், பிறகு வளைந்து திரும்புகிறது. வேகமாகப் போகும் ஒன்றைத் திருப்புவது எவ்வளவு எரிபொருள் தின்னும் என்பதை விளையாட்டில் ஒருமுறை செய்து பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள். பெரிய ராக்கெட் அந்தச் செலவைத் தாங்கும். எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கு அது கட்டாது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதற்குக் காரணம் இதுதான். அங்கிருந்து தெற்கே பார்த்தால் நேராகக் கடல்.

விளையாட்டுக்குத் திரும்புவோம். சாய்ந்து பறந்து எஞ்சினை அணைத்துவிட்டு, வரைபடத் திரையைத் திறந்தால் உங்கள் பாதை ஒரு வில்லாகத் தெரியும். வில்லின் உச்சி 100 கிலோமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறுமுனை தரைக்குள் புதைந்திருக்கிறது. பொறுமையாக உச்சி வரை மிதந்து போய், அங்கே போகிற திசையிலேயே எஞ்சினை முடுக்குங்கள். உச்சி அப்படியே இருக்கும். கிரகத்தின் எதிர்ப்பக்கத்தில் புதைந்திருந்த கோடு மெல்ல மேலே எழும்பி, தரையை விட்டு வெளியே வந்து, வட்டமாக மூடிக்கொள்ளும். அந்தக் காட்சிக்காகவே இந்த விளையாட்டை ஆடலாம்!

இங்கே எரித்தால் உயர்வது எதிர்ப்பக்கம். இதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் கிளம்பிய சந்திரயான்-3 நேராக நிலவுக்குப் பாயவில்லை. பூமிக்கு மிக அருகே வரும் நேரம் பார்த்துப் பலமுறை எஞ்சினை இயக்கி, பாதையின் தொலைதூர முனையை ஒவ்வொரு தடவையும் இன்னும் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனது. செய்தித்தாளில் வந்த அந்த நீண்டுகொண்டே போகும் முட்டை வடிவப் படங்கள், கெர்பல் ஆடிய பிள்ளைகளுக்கு விளக்கமே இல்லாமல் புரிந்திருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த விளையாட்டு சில இடங்களில் உண்மையைச் சுருக்கிவிட்டது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்றால் கெர்பினுக்கு வெறும் 600. ஈர்ப்பு மட்டும் பூமி அளவு. சில நிமிடங்களில் சுற்றுப்பாதைக்குப் போய்விட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளின் ஈர்ப்புதான் கலத்தை இழுக்கும். அதனால் சூரியனும் பூமியும் இழுக்கும் இழுப்பு இணங்கி வரும் இடத்தில் நிற்கும் ஆதித்யா-எல்1 போன்ற கலத்தை இதில் பறக்கவிட வழியில்லை. அந்தக் குறையைப் பொறுக்காத ஆர்வலர்கள் ‘பிரின்சிப்பியா’ என்ற கூடுதல் நிரலை எழுதி, எல்லாக் கோள்களும் ஒரே நேரத்தில் இழுக்கும்படி செய்திருக்கிறார்கள்.

கடைசியாக, எல்லாரையும் திணற வைக்கும் ஒரு புதிர். 100 கிலோமீட்டர் வட்டத்தில் நீங்கள் சுற்றுகிறீர்கள். அதே வட்டத்தில் உங்களுக்கு முன்னால் 185 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கலம் போகிறது. அதைப் பிடிக்க வேண்டும். என்ன செய்வீர்கள்? வேகத்தைக் கூட்டுவோம் என்பீர்கள். 1965 ஜூன் 3 அன்று ஜெமினி-4 கலத்தில் ஜிம் மெக்டிவிட் அதைத்தான் செய்தார். தங்களை ஏற்றிவந்த ராக்கெட்டின் கழன்ற மேலடுக்கை நெருங்குவதற்காக, அதை நோக்கி உந்தினார். அதுவோ விலகிக்கொண்டே போனது. எரிபொருள் மளமளவென்று கரைய, முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று. அவர் தேர்ந்த விமானி. காற்றில் பறந்து பழகிய கை அங்கே எடுபடவில்லை.

வேகத்தைக் கூட்டினால் உங்கள் பாதை எதிர்ப்பக்கத்தில் உயர்ந்துவிடும். பாதை பெரிதானால் ஒரு சுற்று முடிக்க அதிக நேரம் ஆகும். நீங்கள் பின்தங்கிவிடுவீர்கள். எனவே செய்ய வேண்டியது நேர் எதிர்: வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். 100 கிலோமீட்டர் வட்டத்தில் ஒரு சுற்றுக்கு 32 நிமிடம் 38 நொடி. 80 கிலோமீட்டர் வட்டத்தில் 31 நிமிடம் 15 நொடி. அங்கே வேகமும் கூடுதல், நொடிக்கு 2,279 மீட்டர். ஒரு சுற்றுக்கு 83 நொடி மிச்சம் பிடிக்கிறீர்கள். 83 நொடியில் மேலே போகும் கலம் கடக்கும் தூரம் ஏறத்தாழ 185 கிலோமீட்டர். ஆக, ஒரே சுற்றில் அதற்கு நேர் கீழே வந்துவிடுவீர்கள்.

விண்வெளியில் இரண்டு கலங்கள் சந்திப்பது எப்படி என்று 1963-லேயே ஆராய்ச்சி செய்து எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியவர் பஸ் ஆல்ட்ரின். ஆமாம், பிறகு நிலவில் நடந்த அதே ஆல்ட்ரின்தான். 1965 டிசம்பரில் ஜெமினி-6, ஜெமினி-7 கலங்கள் கணக்குப்படி நெருங்கி, சுமார் 30 சென்டிமீட்டர் இடைவெளி வரை வந்தன. நம் இஸ்ரோ 2025 ஜனவரி 16 அன்று ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் இரண்டு செயற்கைக்கோள்களை விண்வெளியில் இணைத்துக் காட்டியது.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு கலத்தை 100 கிலோமீட்டர் வட்டத்தில் நிறுத்திவிட்டு, இரண்டாவதை 80-ல் கொண்டுபோய் விடுங்கள். துரத்தாதீர்கள். கீழே இருப்பது மேலே இருப்பதைத் தானாக நெருங்கும். மேலே ஏறவும் கொஞ்ச நேரம் ஆகும் என்பதால், நேர் கீழே வரும் வரை காத்திருக்கக் கூடாது. அதற்குச் சற்று முன்பே எஞ்சினை முடுக்க வேண்டும். எவ்வளவு முன்பே என்பதை நீங்களே காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடியுங்கள். ஒரு துப்பு: ஏறும் பாதை, 80-ஐயும் 100-ஐயும் தொடும் ஒரு நீள்வட்டத்தின் சரிபாதி.